சமகால நடனத்துக்குக் கலைஞர்களே நடத்தும் அமைப்புகள்: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தில் நடனம் பயில்வோரும், நடன ஆசிரியர்களும், பெற்றோரும், பூட்டிக் கிடக்கும் வீடுகளின் உரிமையாளர்களும் எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. தரையைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் சற்று விரிவாகவே சொல்லியிருக்கிறேன். இத்தகைய முயற்சிகள் நிலைப்பதும் கலைவதும் பெரும்பாலும் அவற்றால்தான்.

கலைஞர்களே நடத்தும் அமைப்பு என்றால் என்ன? சபாவுக்கும் நடனப் பள்ளிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஆடுகிறவர்களே ஒன்றுகூடி, தங்களுக்கும் தங்களைப் போன்ற பிறருக்கும் தேவையான இடம், நேரம், பயிற்சி, பணம், உரையாடல் ஆகியவற்றை ஏற்பாடு செய்துகொள்ளும் அமைப்பு இது. யாருக்கு இடம் கொடுப்பது, எந்த ஆசிரியரை அழைப்பது, இருக்கும் பணத்தை எதற்குச் செலவிடுவது என்ற முடிவுகள், இன்றும் ஆடிக்கொண்டோ ஆட்டம் அமைத்துக்கொண்டோ இருப்பவர்களின் கையில் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். அமைப்பு எத்தகையது என்பது தெரிந்துவிடும்.

சபா என்பது அடிப்படையில் ரசிகர்களின் அமைப்பு. அதன் பணி முடிவடைந்த ஆட்டத்துக்கு மேடை கொடுப்பது. அந்தப் பணியைக் குறைத்து மதிப்பிட முடியாது. 1931இல் சென்னை மியூசிக் அகாடமி தேவதாசி மரபில் வந்த கல்யாணி அம்மாளின் புதல்விகளுக்கு மேடை கொடுத்தது நடன வரலாற்றையே திருப்பிய நிகழ்வுகளுள் ஒன்று. நடனப் பள்ளி ஒரு குருவின் பாணியைக் கற்பிக்கிறது. அதன் பாதை பெரும்பாலும் அரங்கேற்றத்தில் போய் நிற்கிறது. அரங்கேற்றம் முடிந்தபின், தானாக ஒன்றை உருவாக்க விரும்பும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கோ ஆணுக்கோ மேடையைவிட முன்னதாகத் தேவைப்படுபவை ஒரு வெறுமையான அறை, சில வாரங்கள், தன் முயற்சியைப் பார்த்து உண்மையைச் சொல்லும் நாலைந்து பேர். இந்த இடைவெளியைச் சபாவும் நிரப்புவதில்லை, பள்ளியும் நிரப்புவதில்லை. கலைஞர்களின் அமைப்புகள் எழுந்தது அங்கேதான்.

சமகால நடனம் என்பது மேலைநாட்டு நடனமா? பரதம் பயின்றவர்களுக்கு அதில் இடம் உண்டா?

கற்ற மரபைக் கேள்வி கேட்டுப் புதிய ஆட்டத்தைத் தேடும் நடனம் அது; மேலைநாட்டுச் சொத்து அன்று. தமிழ்நாட்டில் இதற்கான மிக வலுவான சான்று சந்திரலேகா. காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் பரதம் பயின்ற அவர், 1985இல் அமைத்த 'அங்கிகா' என்ற ஆட்டத்தில் பரதத்தின் அடவுகளையும் களரிப்பயிற்றையும் யோகத்தையும் அருகருகே வைத்து, இந்த உடலுக்கு வரலாறு என்ன என்று கேட்டார். கதையும் இல்லை, அலங்காரமும் இல்லை. சென்னை எலியட்ஸ் கடற்கரையோரம் அவரும் நண்பர்களும் உருவாக்கிய 'ஸ்பேசஸ்' என்னும் இடம், அவர் 2006இல் மறைந்த பிறகும் ஆட்டக்காரர்களுக்கும் நாடகக்காரர்களுக்கும் கதவைத் திறந்தே வைத்திருந்தது. அவரது குழுவில் 1991இல் சேர்ந்து பல ஆண்டுகள் ஆடிய பத்மினி செட்டூர், பின்னர் தமக்கென ஒரு மொழியைக் கண்டடைந்தார்.

ஆகவே அரைமண்டியும் தட்டடவும் கற்ற உடல் இங்கே ஒரு செல்வம். கற்றதைக் கேள்விக்கு உட்படுத்தும் துணிவு மட்டும் வேண்டும். கற்றதை இகழ வேண்டியதில்லை.

இத்தகைய அமைப்புகள் முதலில் எங்கே, எப்படித் தோன்றின?

பல நாடுகளில் பல வேர்கள் உண்டு. நன்கு பதிவானவை நியூயார்க்கையும் லண்டனையும் சேர்ந்தவை. நியூயார்க்கில் ராபர்ட் டன் நடத்திய, ஆட்டம் அமைக்கக் கற்பிக்கும் வகுப்பில் பயின்ற இளைஞர்கள், தங்கள் முயற்சிகளைக் காட்ட இடம் தேடி, வாஷிங்டன் சதுக்கத்தை ஒட்டிய ஜட்சன் நினைவுத் தேவாலயத்தை அணுகினர். அங்கே 1962 ஜூலையில் முதல் நிகழ்ச்சி நடந்தது. இவான் ரெய்னர், ஸ்டீவ் பாக்ஸ்டன், டிரிஷா பிரவுன் போன்றோர் அந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள். நடப்பது, நிற்பது, நாற்காலியைத் தூக்குவது ஆகியவையும் நடனமாகலாம் என்ற எண்ணம் அந்தத் தேவாலயக் கூடத்தில்தான் வலுப்பெற்றது.

அதன் வழித்தோன்றலாக, நடனக் கலைஞர்கள் சிலர் 1978இல் தொடங்கியது 'மூவ்மென்ட் ரிசர்ச்' என்ற அமைப்பு. அதற்கென்று ஒரு பாணியும் இல்லை, ஒரு நடனக் குழுவும் இல்லை. வகுப்புகள், கலைஞர்களுக்கான உறைவிட வாய்ப்பு, 1990இலிருந்து ஒரு இதழ், 1991இலிருந்து அதே ஜட்சன் தேவாலயத்தில் திங்கட்கிழமை மாலைகளில் கட்டணமின்றி முயற்சி நிலையிலுள்ள ஆட்டங்களைக் காட்டும் நிகழ்வு என்று அது இயங்கி வருகிறது. முடிவடையாத ஆட்டத்தைப் பொதுமக்கள் முன் வைக்கலாம் என்னும் இந்த ஒரு வழக்கத்தையே நாம் கடன் வாங்கினாலும் போதும் என்பது என் கருத்து.

லண்டனில் 1976இல் ஐந்து கலைஞர்கள் தேம்ஸ் நதிக்கரைக் கிடங்கு ஒன்றின் மாடியில் 'எக்ஸ் 6' என்ற இடத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டிலிருந்து 'நியூ டான்ஸ்' என்ற இதழையும் நடத்தினர். 1980இல் அந்த இடம் கைவிட்டுப் போயிற்று. இதழ் தொடர்ந்தது, கலைஞர்களுள் பலர் கிழக்கு லண்டனில் சிசன்ஹேல் நடன இடம் உருவாகக் காரணமாயினர். தேவாலயம், கிடங்கு, மூடப்பட்ட பள்ளிக்கூடம் என்று வேறொரு பயன்பாட்டுக்காகக் கட்டப்பட்டுக் காலியான கட்டடங்களே இந்த அமைப்புகளின் முதல் வீடுகளாக இருந்திருக்கின்றன. ஆயிரக்கணக்கான பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கும் நம் வட்டாரத்தில் இந்தச் செய்தியைப் படிக்கும்போது மனம் சும்மா இருப்பதில்லை.

தமிழ்நாட்டிலும் அண்டை மாநிலங்களிலும் எடுத்துக்காட்டுகள் உண்டா?

உண்டு. பெங்களூரில் ஜெயச்சந்திரன் பாலாழி முன்னின்று 1992இல் உருவான ஆட்டக்களரி, பயிற்சிப் பட்டயம், நடனக் குழு, ஈராண்டுக்கு ஒருமுறை பன்னாட்டு விழா என வளர்ந்தது. டெல்லியில் அனுஷா லால் 2007இல் தொடங்கிய கதி நடன மன்றம், இளம் ஆட்ட அமைப்பாளர்களைக் கோடையில் சில வாரங்கள் ஓரிடத்தில் இருத்தி, மூத்தவர்களின் துணையோடு தனி ஆட்டம் உருவாக்க வைத்தது. இன்று இந்திய மேடைகளில் தெரியும் பலருக்கு அந்தக் கோடை ஒரு தொடக்கம். சென்னையில் பத்மினி செட்டூர், ப்ரீத்தி ஆத்ரேயா ஆகிய நடனக் கலைஞர்களும், இசைக் கலைஞர் மார்ட்டன் விசரும், நாடகக் கலைஞர் பிரவீண் கண்ணனூரும் சேர்ந்து அமைத்த 'பேஸ்மென்ட் 21' ஒரு சிறு கூட்டு. பெரிய கட்டடமோ பெரிய அலுவலகமோ இல்லாமலேயே 'மார்ச் டான்ஸ்' போன்ற விழாக்களை அதனால் நிகழ்த்த முடிந்தது.

இவற்றைவிட நமக்கு நெருக்கமான பாடம் காஞ்சிபுரத்தில் இருக்கிறது. வடதமிழ்நாட்டு ஊர்களில் ஆடப்படும் கட்டைக்கூத்தின் கலைஞர்களே 1990இல் சேர்ந்து தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், பி. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் முன்னின்று நடத்த, கூத்துக் கலைஞர்களின் ஊதியம், மரியாதை, அடுத்த தலைமுறையின் கல்வி ஆகியவற்றைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. 2002 முதல் 2020 வரை அது நடத்திய குருகுலத்தில் பிள்ளைகள் கூத்தையும் பள்ளிப் பாடத்தையும் ஒருசேரக் கற்றார்கள். நெடுங்காலம் ஆண்களே ஆடிய கூத்தில் பெண் பிள்ளைகளும் அடவு வைத்து ஆடினார்கள். கிராமத்திலிருந்து, தமிழில் பேசி, கலைஞர்களே தங்கள் அமைப்பை நடத்த முடியுமா என்று ஐயப்படுவோருக்கு இதைவிட நேரான விடை இல்லை.

நடனக் கலைஞர்கள் சென்னையில்தானே இருக்கிறார்கள்? செட்டிநாட்டில் எதற்கு?

இந்தக் கேள்வியை வெளியூர்க்காரர்களைவிட நம்மவர்களே அதிகம் கேட்கிறார்கள். இரண்டு வகையான தேவை இங்கே இருக்கிறது.

முதலாவது, உள்ளூர்ப் பிள்ளைகளின் தேவை. காரைக்குடியில் ஏழு வயதில் சலங்கை கட்டும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திவிடுகிறார்கள். தொடர விரும்புவோர் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக்குப் போக வேண்டும். அங்கே அறை வாடகையும் பயிற்சிக்கூட வாடகையும் கொடுத்துத் தாக்குப்பிடிக்க வசதியான வீட்டுப் பிள்ளைகளாலேயே இயலும். இரண்டாவது, சென்னைக் கலைஞர்களின் தேவை. மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஒத்திகை பார்க்கும் ஒருவருக்கு, கடிகாரத்தைப் பார்க்காமல் மூன்று வாரம் வேலை செய்யக் கிடைக்கும் ஓர் அமைதியான ஊர் பெரிய வரம்.

கலைக்கு இந்த மண் புதிதும் அன்று. சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் விழாவுக்குக் காரைக்குடி கூடியது. கம்பனைக் கேட்க ஒரு சிற்றூர்ச் சந்தை நகரம் கூடுமா என்று அன்றும் சிலர் ஐயப்பட்டிருக்கக் கூடும். அருகில் விராலிமலையில் முருகன் கோயிலில், பரதத்தின் பழைய வடிவமான சதிர் ஆடிய முத்துக்கண்ணம்மாள் 2022இல் பத்மஸ்ரீ பெற்றார். அவரிடம் இருக்கும் பாடலும் அபிநயமும் சென்னை மேடைகளுக்குத் தெரிந்தவை அல்ல. 1947ஆம் ஆண்டுச் சட்டம் தேவதாசி முறையை ஒழித்தபோது, அதனோடு பல குடும்பங்களின் வாழ்வாதாரமும் ஆட்டமும் வீட்டுக்குள் அடங்கின. இந்தப் பகுதியில் நடனத்துக்கென ஓர் இடம் உருவாகும்போது அந்தக் குடும்பங்களை மரியாதையோடும் உரிய ஊதியத்தோடும் முதலில் அழைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

எங்கள் பூர்வீக வீடு பூட்டியே கிடக்கிறது. நடனக் கலைஞர்களுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் முதலில் பங்காளிகள் அனைவரையும் கேட்க வேண்டும். நம் வீடுகளுள் பெரும்பாலானவை கூட்டுப் பங்கில் இருப்பவை. ஒரு பங்காளி சென்னையிலும், ஒருவர் கோலாலம்பூரிலும், ஒருவர் சிங்கப்பூரிலும் இருக்கும்போது, ஊரில் இருப்பவர் சாவியைக் கொடுத்துவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக வழக்கு வரைக்கும் போன வீடுகள் உண்டு. பங்குள்ள வயதுவந்த அனைவரும் கையெழுத்திட்ட ஒப்புதலோ, ஒருவருக்கு முறையாக எழுதிக் கொடுத்த பவர் பத்திரமோ இல்லாமல் எந்தக் கலைஞர் அமைப்பும் உள்ளே காலெடுத்து வைக்கலாகாது. லண்டன் கலைஞர்கள் இழந்தது வாடகைக் கிடங்கை. இங்கே இழக்க நேர்வது ஓர் ஊரின் நல்லெண்ணத்தை.

ஒப்பந்தத்தில் காலம், மின்கட்டணம், தண்ணீர், கூரை ஒழுகினால் யார் செலவு, காவலாளிக்கு யார் சம்பளம் என்பவை எழுதப்பட வேண்டும். வீட்டின் எந்தக் கட்டு (பகுதி) வரை கலைஞர்கள் வரலாம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். சாமி வீடும், சாமான் அறைகளும் பூட்டியே இருக்கட்டும். முன்னோருக்குக் குடும்பம் செய்யும் படைப்பு நடக்கும் நாள்களில், முற்றத்தைச் சுற்றிய வளவு குடும்பத்துக்கே உரியது. அந்த நாள்களை முன்கூட்டியே குறித்துக் கொடுத்துவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது. முகப்பிலும் பட்டாலையிலும் இருக்கும் பர்மாத் தேக்குத் தூண்களில் ஆணி அடிக்கவோ, முட்டைச் சுண்ணாம்புச் சுவரில் பசைநாடா ஒட்டவோ கூடாது. அந்தச் சுவரின் வழவழப்பு ஒருமுறை உரிந்தால் அதைத் திரும்பப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் மிகச் சிலரே.

ஆட்டத்துக்கு ஏற்ற இடம் வளவு என்றே பலரும் நினைக்கிறார்கள். படம் எடுக்க அது அழகு. ஆனால் நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், வழியில் படி என்று உடலுக்கு அது தடை மிகுந்த இடம். இரண்டாம் கட்டிலோ பக்கவாட்டிலோ உள்ள, பந்தி நடக்கும் போஜன ஹால்தான் தூண் குறைந்தது, நீளமானது, காற்றோட்டமானது. ஆறேழு பேர் தடையின்றி நகர ஏறத்தாழ இருபத்தைந்து அடிக்கு இருபத்தைந்து அடி வெற்றிடம் வேண்டும்; பல வீடுகளின் போஜன ஹால் அதைத் தரும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஆடலாமா?

நேரடியாக ஆட வேண்டாம். இதை அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவது அன்று. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் கட்டங்களில் வண்ணம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, ஈரக் கலவையால் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுகிறார்கள். கண்ணாடியைத் தொட்டிருந்த முகமே மேல்முகமாகிறது. அதனால்தான் அந்த மினுமினுப்பு. காலால் மிதித்து மிதித்துத் துடைக்கத் துடைக்க அது இன்னும் மெருகேறும். கோடையில் குளிர்ச்சியாகவும் இருக்கும். ஆனால் கல்லின் கீழே இருப்பது கெட்டித்த தளம். அது சிறிதும் அமுங்கிக் கொடுக்காது. குதித்து இறங்கும்போது உடல் எடையின் பல மடங்கு விசை பாதத்தில் இறங்குகிறது. தரை அதில் ஒரு பங்கையும் ஏற்காவிட்டால் முழுவதையும் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் ஏற்க வேண்டும். பல ஆண்டுகள் சிமென்ட் தரையில் தட்டடவு போட்ட பிள்ளைகளுக்குக் கெண்டைக்காலின் முன்னெலும்பு ஓரமாக வலி வருவதை நடன ஆசிரியர்கள் அனைவரும் அறிவார்கள். வியர்வை சிந்திய மெருகுக் கல்லில் வழுக்கும் ஆபத்து இன்னொன்று.

இதற்குத் தீர்வு, கல்லைத் தொடாமல் அதன் மேல் ஒரு தற்காலிகத் தரையை அமைப்பது. அடியில் கல்லைக் காக்க மெல்லிய விரிப்பு. அதன் மேல் சம இடைவெளியில் அழுத்தமான நுரைக் கட்டைகள். அவற்றின் மேல் 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் இரண்டு அடுக்கு. மேலடுக்கின் இணைப்புகள் கீழடுக்கின் இணைப்புகளோடு ஒன்றின்மேல் ஒன்றாக வராதபடி மாற்றி அடுக்கித் திருகால் இணைக்க வேண்டும். இறுதியாக நடனத்துக்கென விற்கப்படும் வினைல் விரிப்பு. வீட்டுத் தரைக்கு விற்கப்படும் வினைல் வழுக்கும். இரண்டும் ஒன்று அல்ல. நல்ல தச்சர் ஒருவர் இருந்தால் இதைக் காரைக்குடியிலேயே செய்துவிடலாம். பலகை பலகையாகப் பிரித்து அடுத்த வீட்டுக்கும் கொண்டுபோகலாம். புதிதாகத் தொடங்கும் அமைப்பு ஒலிபெருக்கி, விளக்கு, பெயர்ப்பலகை எல்லாவற்றுக்கும் முன்பாகச் செலவு செய்ய வேண்டியது இதற்கே.

உறைவிடப் பயிற்சி என்பதில் என்ன நடக்கும்? முடிவில் நிகழ்ச்சி நடத்தியாக வேண்டுமா?

கலைஞர் ஒருவரோ சிலரோ குறிப்பிட்ட வாரங்கள் ஓரிடத்தில் தங்கி வேலை செய்வார்கள். தங்குமிடம், உணவு, ஒத்திகைக்கூடம், பயணச் செலவு, ஒரு தொகை ஆகியவற்றை அமைப்பு கொடுக்கும். காலையில் உள்ளூர்க்காரர்களும் சேரக்கூடிய பொது வகுப்பு, பிறகு தனி வேலை, வாரத்துக்கு ஒரு மாலை செய்ததைக் காட்டிப் பேசுவது என்ற ஒழுங்கு பல இடங்களில் பயன் தந்திருக்கிறது.

முடிவில் நிகழ்ச்சி கட்டாயம் என்று வைக்கக் கூடாது. கட்டாயமாக்கினால், கலைஞர் புதிதாகத் தேடுவதை விட்டுவிட்டு, கைவசம் இருப்பதை மெருகேற்றிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். ஊரார் பார்க்க விரும்புவது நியாயமே. திறந்த ஒத்திகை ஒன்று வைத்து, இது முடிவடைந்த ஆட்டம் அன்று என்று முன்னரே சொல்லிவிட்டால், பார்ப்பவர்களும் ஆட்டத்தின் உள்வேலையைக் காணும் அரிய வாய்ப்பைப் பெறுகிறார்கள்.

அமைப்பைப் பதிவு செய்ய வேண்டுமா? சங்கமா, அறக்கட்டளையா?

நாலு பேர் வாரம் ஒருமுறை கூடி ஆடுவதற்குப் பதிவு தேவையில்லை. வீட்டை ஒப்பந்தத்துக்கு எடுக்கவும், வங்கிக் கணக்கு தொடங்கவும், நல்கை (திட்டங்களுக்கான நிதியுதவி) பெறவும் பதிவு வேண்டும்.

கலைஞர்களே ஆள வேண்டும் என்றால், 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் சங்கமாகப் பதிவு செய்வதே பொருத்தம் என்று நினைக்கிறேன். குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கை வைத்து, பதிவாளருக்குச் சமர்ப்பிக்க வேண்டும். நிர்வாகக் குழுவுக்குக் கால வரம்பு உண்டு. இந்தக் கட்டுப்பாடுகள் சிலருக்குச் சுமையாகத் தெரியலாம். ஒருவரே எல்லாமாகிவிடாமல் தடுப்பவை இவைதாம். அறக்கட்டளையை நடத்துவது எளிது, ஆனால் அதில் அறங்காவலர்களின் முடிவே முடிவு. உறுப்பினர் வாக்கு என்று ஒன்று இல்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 8ஆம் பிரிவின் கீழான நிறுவனம் பெரிய நிதியைக் கையாள்வோருக்குப் பொருந்தும். தணிக்கைச் செலவும் தாக்கல் வேலையும் அதற்கேற்ப அதிகம். எதைத் தேர்ந்தாலும், 80ஜி என்று அனைவரும் சொல்லும் வரிச் சலுகைக்கான பதிவைத் தணிக்கையாளர் துணையோடு முதலிலேயே வாங்கிவிடுவது நல்லது.

பணம் எங்கிருந்து வரும்?

ஒரே இடத்திலிருந்து வரக் கூடாது. அதுவே முதல் விதி.

உறுப்பினர் சந்தா சிறியதாக இருந்தாலும் கட்டாயமாக இருக்க வேண்டும். பணம் கொடுத்தவரே கணக்குக் கேட்பார். செட்டிநாட்டுக்கு இதைக் கற்பிக்க வேண்டியதில்லை. மணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாகக் கொண்டு கோயிலுக்குப் புள்ளி வரி வாங்கும் வழக்கமும், வணிகத்தில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கும் வழக்கமும் இங்கே பல தலைமுறைகளாக நிலைத்திருக்கின்றன. செல்வந்தர் ஒருவரும் சாதாரணக் குடும்பம் ஒன்றும் ஒரே புள்ளியாக நிற்கும் அந்த ஏற்பாட்டில், பெரிய நன்கொடையாளர் ஒருவரிடம் கையேந்தி நிற்கும் நிலை அமைப்புக்கு வருவதில்லை. நடன அமைப்பும் அப்படியே, சென்னையில் பெயர்பெற்ற ஆட்டக்காரரிடமும் உள்ளூரில் மாலை வகுப்பு எடுப்பவரிடமும் ஒரே சந்தாவை வாங்கி, ஒரே வாக்கைக் கொடுக்கட்டும்.

அடுத்தது வகுப்புக் கட்டணம், கூடத்தை யோகா வகுப்புக்கோ நாடக ஒத்திகைக்கோ கொடுக்கும் வாடகை. அதன்பின் நல்கைகள். பெங்களூரின் இந்தியக் கலைகள் அறக்கட்டளை 1995இலிருந்து கலைஞர்களின் திட்டங்களுக்கு நல்கை கொடுத்து வருகிறது. தமிழில் விண்ணப்பம் எழுதலாமா என்று தயங்குவோர் முதலில் அதனை அணுகிப் பார்க்கட்டும். சங்கீத நாடக அகாதெமியும், ஒன்றிய அரசின் பண்பாட்டு அமைச்சகமும், தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமும் அரசு வழிகள். அவற்றில் பணம் வந்து சேரத் தாமதமாகலாம் என்று கருதியே திட்டமிட வேண்டும். ஜெர்மனியின் பண்பாட்டு நிறுவனமான, சென்னையிலுள்ள கெத்தே நிறுவனம் நடன நிகழ்வுகளில் கைகோத்திருக்கிறது.

வெளிநாட்டு உறவினர்கள் அனுப்ப விரும்பும் பணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ பெறாத அமைப்பு வெளிநாட்டவரிடமிருந்து நன்கொடை வாங்க முடியாது. பதிவுக்குப் பொதுவாக மூன்றாண்டு இயங்கியிருக்கவும், அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் அடிப்படைப் பணிகளுக்குச் செலவிட்டிருக்கவும் வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்குக்கே முதலில் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டலாகாது. வேறு அமைப்புக்கு மாற்றவும் கூடாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்துள்ள உறவினர் தம் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்புவது வேறு. குடியுரிமை மாறியவர் அனுப்புவது வேறு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தலைமுறைகளாக இருக்கும் உறவினர்களைக் கொண்ட நமக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம்.

எவ்வளவு பணம் வந்தாலும், ஆடுகிறவருக்கு ஊதியம் கொடுத்த பின்னரே மற்றச் செலவு. விழாவுக்குப் பந்தல், ஒலி, விளக்கு, சாப்பாடு எல்லாவற்றுக்கும் கட்டணம் கொடுத்துவிட்டு, ஆடியவருக்குப் பொன்னாடை மட்டும் போர்த்தும் வழக்கத்தைக் கலைஞர்களின் அமைப்பே தொடருமானால் அது கலைஞர்களின் அமைப்பு அன்று.

கரகாட்டம், ஒயிலாட்டம், கூத்து ஆடுவோருக்கும் இதில் இடம் உண்டா?

அவர்கள் விருந்தினர்களாக அல்ல, உறுப்பினர்களாக இருக்க வேண்டும். கொப்புடையம்மன் திருவிழாவில் விடிய விடிய ஆடும் ஒரு கரகாட்டக் கலைஞருக்குத் தலையில் எடையைத் தாங்கிக்கொண்டு முதுகுத்தண்டை நிலைநிறுத்துவது பற்றித் தெரிந்தது, பல பயிற்சிப் பட்டறைகளில் கிடைக்காத அறிவு. அதை அவர் கற்பிக்கும்போது வெளியூர் ஆசிரியருக்குக் கொடுக்கும் அதே கட்டணத்தைக் கொடுக்க வேண்டும். அவருடைய அசைவை எடுத்து ஒருவர் தம் ஆட்டத்தில் சேர்த்தால், நிகழ்ச்சிக் குறிப்பில் அவர் பெயர் இருக்க வேண்டும். வருமானத்தில் பங்கும் பேசப்பட வேண்டும். கூட்டங்கள் தமிழில் நடந்தால்தான் இவை எல்லாம் நடக்கும். ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டத்தில் அவர்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். அத்தகைய அமைப்பால் இந்த வட்டாரத்துக்குப் பயனில்லை.

எங்கள் பிள்ளையை அனுப்பலாமா? பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோருக்கு எழுத்தில் விடை கொடுக்க முடியாத அமைப்புக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

சமகால நடனத்தில் ஒருவர் மற்றவரின் எடையைத் தாங்குவதும், ஆசிரியர் தொட்டுத் திருத்துவதும் உண்டு. தொடுவதற்கு முன் கேட்க வேண்டும், வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்கக் கூடாது என்பது முதல் வகுப்பிலேயே அனைவர் முன்னும் சொல்லப்பட வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதோருக்குத் தனி அறையில் தனி வகுப்பு கூடாது. பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். சிறிய அமைப்பில் பணிபுரிவோர் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், அமைப்பைச் சேராத ஒருவரை உள்ளடக்கிய சிறு குழுவை ஏற்படுத்தி, அவர்களைத் தொடர்புகொள்ளும் வழியைக் கூடத்தின் வாசலிலேயே எழுதி வைக்கலாம். குரு பக்தி என்ற பெயரில் வாய்மூடிக் கிடந்த காலத்தின் விலையைப் பல மாணவிகள் கொடுத்திருக்கிறார்கள்.

தொடங்கியவரே கடைசி வரை தலைவராக இருக்கலாமா?

கூடாது. தொடங்கியவரின் உழைப்பில்தான் அமைப்பு நிற்கிறது என்பது உண்மை. அவர் ஓய்ந்ததும் விழுந்துவிட்ட அமைப்புகள் பல என்பதும் உண்மை. மூன்றாண்டுக்கு ஒருமுறை பொறுப்பு மாறட்டும். பொறுப்பில் இருக்கும் காலத்தில் அமைப்பின் நல்கைக்கோ உறைவிடத்துக்கோ நிர்வாகிகள் விண்ணப்பிக்கக் கூடாது என்று விதியில் எழுதட்டும். கலைஞர்களே தேர்வு செய்யும் அமைப்பில், தமக்குத் தாமே கொடுத்துக்கொள்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுவது இயல்பு. தேர்வுக் குழுவில் வெளியூர்க் கலைஞர் ஒருவரையாவது வைத்து, யாருக்கு ஏன் கொடுத்தோம் என்பதை உறுப்பினர் அனைவருக்கும் எழுத்தில் தெரிவித்தால் அந்தப் பேச்சு அடங்கும்.

ஆண்டில் எந்த மாதங்களில் உறைவிடம் நடத்தலாம்?

ஆடி முதல் புரட்டாசி வரை ஏற்ற காலம். ஆவணியில் மட்டும் திருமணங்களுக்காக வீடுகள் திறக்கப்படும் நாள்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஓட்டுக் கூரை ஒழுகாத வீடு என்று உறுதியாகத் தெரிந்தால் நடத்தலாம், ப்ளைவுட் தரையைத் தரையிலிருந்து எழும் ஈரத்திலிருந்து காக்க வேண்டும். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாள் கழித்து வரும் பிள்ளையார் நோன்பில் இழை எடுக்கும் சடங்குக்குக் குடும்பங்கள் ஊருக்கு வரும். அப்போது வீட்டைக் கேட்க வேண்டாம். மார்கழியில் நடனக்காரர்கள் அனைவரும் சென்னையில் இருப்பார்கள். தை மாதம் மீண்டும் திருமண மாதம். மாசியில் நல்ல காற்று உண்டு, பங்குனி தொடங்கிவிட்டால் பிற்பகலில் ஆட முடியாத வெயில். அதிகாலை ஐந்தரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்துவிடும் உள்ளூர்ப் பிள்ளைகளின் வகுப்பை மட்டும் அப்போது வைத்துக்கொள்ளலாம்.